ஒரு துளி மருந்தும் ஓர் இரவுக் காவலும்



நெஞ்சில் அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்திருப்பவரின் படுக்கையருகே, ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலையில் நாங்கள் போய் உட்காருவது வழக்கம். ஜெபிக்கும் முன் நோயாளியும் வீட்டாரும் மனதிலுள்ளதைப் பேசட்டும் என்று சற்றுக் காத்திருப்போம். அப்போது வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஊசியைப் பற்றியவை.

"ஐயா, முதுகுத்தண்டுல ஊசி போடுவாங்களாமே, கால் விளங்காமப் போயிராதா?"

"அபின்ல இருந்து எடுத்த மருந்தாமே, அப்புறம் அதுக்கே பழகிப் போயிட்டா?"

"கொஞ்சம் வலிதானே ஐயா, பொறுத்துக்கிட்டா என்ன?"

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இந்த இதழின் பாடம். மருத்துவர் சொல்லவேண்டியதைப் போதகர் ஏன் எழுதவேண்டும் என்று சிலர் நினைக்கலாம். மயக்க மருந்து நிபுணர்களும் செவிலியரும் பல ஆண்டுகளாக எங்களுக்குப் பொறுமையோடு விளக்கிச் சொன்னவற்றையே இங்கே தருகிறோம். இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாவது கேள்விக்கு நாங்கள் ஒரு காலத்தில் தவறான விடை சொன்னோம். அதை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

1. நாங்கள் பாராட்டிய மௌனம்

அது 1990களின் தொடக்கம். வேறோர் ஊரிலுள்ள ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்துகொண்டிருந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் அங்கே சேர்க்கப்பட்டிருந்தார். காசநோய் குணமான பின்பும் அவருடைய நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி, நாளடைவில் அது தடித்த தோல்போலாகி நுரையீரலை விரியவிடாமல் இறுக்கியிருந்தது. நெஞ்சைத் திறந்து அந்தத் தோலை உரித்தெடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அக்காலத்தில் அங்கே வலிக்குக் கொடுக்கப்பட்டது தசையில் போடும் ஊசி. அதுவும் நோயாளி கேட்டால்தான். இவர் கேட்கவில்லை. மறுநாள் நாங்கள் போனபோது அசையாமல், உதட்டை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தார்.

"வலிக்குதா அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"இருக்கத்தான் செய்யுது ஐயா. அவர் சிலுவையில பட்டதைவிடவா?" என்றார்.

எங்கள் உள்ளம் உருகிப்போயிற்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையைப் பாராட்டினோம். வார்டிலிருந்த மற்றவர்களுக்கும் அவரை முன்மாதிரியாகக் காட்டிப் பேசினோம். அன்று முழுவதும் அவர் ஊசி கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுவதும் வெண்மையாகத் தெரிந்தது. உள்ளே சளி அடைத்து, காற்றுப் போகாமல் சுருங்கி, நிமோனியாவும் தொடங்கிவிட்டது. அறுவை மருத்துவர் எங்களை நடைபாதையில் நிறுத்தி, கோபமில்லாமல் ஒன்று சொன்னார்: "ஐயரே, அவர் பொறுமையா இருக்கலை. மூச்சு விடாம இருந்தார்."

அந்த விவசாயி ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். ஆனால் ஏர் பிடிக்கும் அளவுக்கு மூச்சு திரும்பவேயில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். எங்களை யாரும் குறை சொல்லவில்லை. எனினும் கேட்டால் கிடைத்திருக்கும் மருந்தைக் கேளாதிருக்க அவருக்குக் காரணம் கொடுத்தவர்கள் நாங்கள்.

2. நெஞ்சுக் காயத்துக்கு ஓய்வு கிடையாது

காலில் காயம்பட்டால் காலை அசைக்காமல் வைத்துக்கொள்ளலாம். கையில் பட்டால் தூக்குப் போட்டுக்கொள்ளலாம். நெஞ்சுக்கு அந்த வசதி இல்லை. நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறோம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 900 முறை, ஒரு நாளில் 21,600 முறை அந்தக் காயம் அசைகிறது. தூக்கத்திலும் அது நிற்பதில்லை.

காயமும் சிறியதல்ல. இரண்டு விலா எலும்புகளுக்கு இடையே வெட்டி, இரும்புக் கருவியால் அவற்றை அகட்டிப் பிடித்துக்கொண்டுதான் மருத்துவர் உள்ளே வேலை செய்யவேண்டும். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடுகிறது. அகட்டும்போது அந்த நரம்பு நசுங்குகிறது, இழுபடுகிறது. ஆபரேஷன் முடிந்ததும், கசியும் இரத்தமும் காற்றும் வெளியேற ஒரு குழாயை நெஞ்சுக்குள் விட்டு வைக்கிறார்கள். அதுவும் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே உராய்கிறது. நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனின் வலி, அறுவை வலிகளிலேயே மிகக் கடுமையான வகையில் சேர்ந்தது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

வலிக்கும்போது மனிதன் என்ன செய்வான்? ஆழமாக மூச்சிழுக்கமாட்டான். மேலோட்டமாகத் தொட்டுத் தொட்டு விடுவான். இருமல் வந்தால் அடக்கிக்கொள்வான். இருமாததால் சளி உள்ளேயே தங்கும். சளி தங்கினால் சிறு மூச்சுக்குழல்கள் அடைபடும். அடைபட்ட இடத்துக்கு அப்பாலுள்ள நுரையீரல் காற்றில்லாத பலூனைப்போல் சுருங்கும். சுருங்கிய இடத்தில் கிருமி தங்கும். நாங்கள் பாராட்டிய அந்த மௌனத்துக்குள் நடந்துகொண்டிருந்தது இதுவே.

ஆகவே நெஞ்சு ஆபரேஷனுக்குப் பின் வலியைத் தணிப்பது நோயாளியின் சுகத்துக்காக மட்டும் செய்யும் உபசாரம் அல்ல. அவர் எழுந்து உட்கார்ந்து, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுவதற்கான வழி அதுவே. சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அதை எண்ணவேண்டும்.

3. மடையைத் திறப்பதுபோல

அப்படியானால் தசையிலோ இரத்தக் குழாயிலோ ஊசியை இன்னும் அதிகமாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். மார்பின் போன்ற மருந்து இரத்தத்தில் கலந்தால் உடம்பெங்கும் போகிறது. நெஞ்சு வலியை முழுவதும் அடக்கும் அளவுக்குக் கொடுத்தால் மூளையும் மந்தமாகிவிடுகிறது. தூங்கி வழிகிறவர் இருமமாட்டார். குறைத்துக் கொடுத்தால் வலியால் இருமமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவே செவிலியர் திண்டாடவேண்டியிருக்கும்.

கிராமத்தில் வளர்ந்த நம் வாசகர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு வயலுக்குத் தண்ணீர் வேண்டுமானால் ஊரெல்லாம் வெள்ளம் வரும்படி குளத்தை உடைத்துவிடுவதில்லை. அந்த வயலுக்குரிய மடையைத் திறக்கிறோம். முதுகுவழி வலி மருந்தும் ஏறக்குறைய அப்படித்தான்.

நெஞ்சிலிருந்து வரும் வலிச் செய்தி, விலா நரம்புகள் வழியாக முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்துக்கு வந்து, அங்கே கைமாறி, பின்னரே மூளைக்கு ஏறுகிறது. கைமாறும் அந்த இடத்தில், மார்பினை ஏற்றுக்கொள்ளும் நுண்ணிய வாங்கிகள் இருக்கின்றன. மருந்தை நேராக அங்கே சேர்த்துவிட்டால் செய்தி அங்கேயே தணிந்துபோகும். மூளைக்குப் பெரும் அளவில் மருந்து போகவேண்டியதில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. தண்டுவடம் ஒரு நீர்ப்பையில் மிதந்துகொண்டிருக்கிறது. மெல்லிய ஊசியால் அந்த நீரிலேயே மருந்தைச் செலுத்துவது முதல் வழி. அந்தப் பையின் உறைக்கு வெளியே உள்ள குறுகிய இடைவெளியில் செலுத்துவது இரண்டாம் வழி. பின்னதை எபிடூரல் என்பார்கள். அங்கே நூல்போன்ற ஒரு குழாயை விட்டுவைத்து, இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து மருந்து கொடுக்கமுடியும்.

அளவைக் கவனியுங்கள். மார்பினைப் பொறுத்தவரை மருத்துவர் மனதில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. இரத்தக் குழாய்வழி 100 பங்கு தேவைப்படும் இடத்தில் எபிடூரலாக 10 பங்கும், தண்டுவட நீரில் 1 பங்கும் போதும். நீரில் செலுத்தும் அளவு பெரும்பாலும் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே. ஆயினும் அதன் பலன் 18 முதல் 24 மணி நேரம் நீடிக்கும். அந்த ஒரு துளியால் நெஞ்சை அறுத்த மறுநாள் காலையில் ஒரு மனிதர் ஆழமாக மூச்சிழுக்கிறார்.

மரத்துப்போகச் செய்யும் மருந்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அந்த மருந்து தொடு உணர்வையும் அசைவையும் சேர்த்தே தடுக்கும், இரத்த அழுத்தத்தையும் இறக்கும். மார்பின் வலியைத் தணிக்கிறது. கால் அசையும், தொட்டால் தெரியும். எபிடூரலில் இவ்விரு வகை மருந்துகளையும் மிகக் குறைந்த அளவில் கலந்து கொடுப்பதும் வழக்கத்தில் உள்ளது.

4. இந்த வழி திறந்த வரலாறு

அபினியின் குணம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதருக்குத் தெரியும். 1800களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த இளைஞர் செர்ட்யூர்னர், அபினியிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கக் கதைகளில் வரும் கனவுத் தேவதையின் பெயரால் அது மார்பின் எனப்பட்டது. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் அகஸ்ட் பியர் என்னும் அறுவை மருத்துவர், தண்டுவட நீரில் கோக்கெயினைச் செலுத்தி ஆபரேஷன் செய்து காட்டினார். அதோடு நில்லாமல் அந்தச் சோதனைக்குத் தம்மையும் தம் உதவி மருத்துவரையும் உட்படுத்தினார். பின்பு பல நாட்கள் கடும் தலைவலியால் அவதிப்பட்டார். 1901இல் ருமேனியாவைச் சேர்ந்த ரகோவிச்சானு பிட்டெஷ்டி என்னும் மருத்துவர், தண்டுவட ஊசியில் மார்பினையும் சேர்த்துக் கொடுத்த தம் அனுபவத்தைப் பாரிஸில் எடுத்துரைத்தார்.

அதன் பின்பு நெடுங்காலம் இவ்வழி பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. மார்பின் உடம்பில் எங்கே போய் வேலை செய்கிறது என்பது அப்போது தெரியாது. 1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர், நரம்புத் திசுவில் அபினி வகை மருந்துகளுக்கென்றே வாங்கிகள் இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் வேறு இரு ஆய்வுக் குழுக்களும் அதையே கண்டறிந்தன. 1976இல் யாக்ஷ், ரூடி ஆகிய இருவரும், எலிகளின் தண்டுவடத்தருகே மருந்தைச் செலுத்தினால் அங்கேயே வலி தணிகிறது என்று நிரூபித்தார்கள்.

1979இல் இது மனிதருக்கு வந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாங் என்பவரும் அவருடைய சக மருத்துவர்களும், புற்றுநோய் வலியால் துடித்தவர்களுக்குத் தண்டுவட நீரில் மார்பின் கொடுத்து வலி தணிந்ததை அறிவித்தார்கள். அதே ஆண்டில் எருசலேமில் பெஹார் என்பவரும் அவருடைய குழுவினரும் எபிடூரல் மார்பினைப் பற்றி எழுதினார்கள். அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே இம்முறை உலகெங்கும் அறுவை வார்டுகளுக்கு வந்து சேர்ந்தது. 1998இல் அதுவரை நடந்த பல ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தவர்கள், எபிடூரலாக இம்மருந்து பெற்றவர்களிடம் நுரையீரல் சுருங்கிப்போவது குறைவாக இருந்ததைக் கண்டார்கள். எங்கள் விவசாயிக்கு நேர்ந்த அந்தச் சுருக்கம்தான் அது.

5. நள்ளிரவில் வரும் ஆபத்து

இவ்வளவு நன்மை செய்யும் மருந்தின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பாடம் முழுமையாகாது. முதல் நல்ல செய்தி வந்த அதே 1979ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கையும் வந்தது. முதுகுவழி மருந்து பெற்ற சிலருக்கு, பல மணி நேரம் கழித்து மூச்சு மெல்லக் குறைந்துபோயிற்று.

காரணம் இதுதான். மார்பின் நீரோடு எளிதில் ஒட்டும் தன்மையுடையது. தண்டுவட நீரில் விட்டால் சீக்கிரம் திசுவுக்குள் இறங்காமல், நீரோடு நீராய் மெல்ல மேலே ஏறும். அந்த ஏற்றத்தால் நன்மையும் உண்டு. இடுப்புப் பக்கம் போட்ட ஊசி, நெஞ்சுக்குரிய தண்டுவடப் பகுதிவரை வந்து வலியைத் தணிக்கிறது. ஆனால் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை. இன்னும் மேலே ஏறி, மூச்சை நடத்தும் முகுளத்தையும் எட்டக்கூடும். பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் இது நிகழலாம். சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் அபாயம் உண்டு. ஃபென்டனில் என்னும் மருந்து இதற்கு மாறாகக் கொழுப்போடு ஒட்டுவது. விரைவில் வேலைசெய்து, போட்ட இடத்தின் அருகிலேயே தங்கி, விரைவில் தீர்ந்துபோகும்.

காலையில் ஆபரேஷன் முடிந்து, மாலையில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு நள்ளிரவில் ஆபத்து வரலாம் என்றால், அந்த நேரத்தில் விழித்திருக்க ஓர் ஆள் வேண்டும். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இவ்வாறு மார்பின் ஊசி பெற்றவரை 24 மணி நேரம் கவனிக்கவேண்டும். முதல் 12 மணி நேரத்தில் மணிக்கு ஒரு முறையாவது, அடுத்த 12 மணி நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறையாவது, மூச்சையும் விழிப்பையும் ஆக்சிஜன் அளவையும் பார்க்கவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு நோயாளியின் பொருட்டு அதிகாலை இரண்டரை மணிக்கு எங்களை அழைத்திருந்தார்கள். திரும்பும் வழியில் அறுவை வார்டில் ஓர் இளம் செவிலியரைக் கண்டோம். ஒரு கட்டிலருகே குனிந்து, நோயாளியின் வயிற்றின்மேல் கையை வைத்து, மற்றக் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுத்திருந்தவர் அறுபது வயது லாரி ஓட்டுநர். நுரையீரலில் கட்டி இருந்த பகுதியை முந்தின நாள் காலையில்தான் அகற்றியிருந்தார்கள். மாலையில் நாங்கள் பார்த்தபோது உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

செவிலியர் ஒரு முழு நிமிடம் எண்ணினார். அவரைத் தட்டி எழுப்பினார். கண் திறந்தார், பதில் சொல்வதற்குள் மறுபடியும் தூங்கிவிட்டார். செவிலியர் உடனே போனை எடுத்தார். "டாக்டர், மெஷின் 97 காட்டுது. ஆனா மூச்சு ஏழுதான் இருக்கு."

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நல்ல எண்ணைக் காட்டும்போதே மூச்சு குறைந்துகொண்டிருக்கக்கூடும் என்பதை அன்று தெரிந்துகொண்டோம். ஏற்கெனவே முகமூடிவழி ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், கருவி ஆபத்தைத் தாமதமாகவே சொல்லும். மார்பின்மேல் வைத்த கை முந்திக்கொள்ளும்.

மருத்துவர் வந்து நலாக்ஸோன் என்னும் மாற்று மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். மொத்தமாகக் கொடுத்தால் வலி முழுவதும் திரும்பிவிடும். மூச்சு திரும்பவேண்டும், வலி திரும்பக்கூடாது. அந்த அளவைப் பார்த்துக் கொடுக்கவேண்டும். சில நிமிடங்களில் எண்ணிக்கை ஏழிலிருந்து பன்னிரண்டுக்கு வந்தது. அதோடு வேலை முடியவில்லை. நலாக்ஸோனின் பலன் மார்பினுக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால், விடியும்வரை செவிலியர் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

காலையில் அந்த ஓட்டுநர் எங்களிடம் முறையிட்டார்: "ஐயா, அந்த சிஸ்டர் ராத்திரி பூரா தட்டித் தட்டி எழுப்பிக்கிட்டே இருந்தாங்க. கண்ணசர விடலை." சொல்லிவிட்டுத் தலையணையை அணைத்துக்கொண்டு பலமாக இருமினார். சளி வெளியே வந்தது.

6. மூன்று கேள்விகளுக்கு விடை

கால் விளங்காமல் போகுமா? பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. தண்டுவட நீரில் போடும் ஊசியை அதற்கும் கீழே, நரம்பிழைகள் மட்டும் மிதக்கும் இடத்தில் போடுகிறார்கள். நெஞ்சு மட்டத்தில் எபிடூரல் குழாய் வைக்கும்போது ஊசி உறைக்கு வெளியிலேயே நிற்கவேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற கை தேவை. நிரந்தரப் பாதிப்பு மிக அரிது. அந்த அரிதான பாதிப்புகளில் அஞ்சத்தக்கது, உள்ளே இரத்தம் கசிந்து கட்டி தண்டுவடத்தை அழுத்துவது. ஆகவேதான் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் புண் இருப்பவர்களுக்கும் இந்த முறையைத் தவிர்க்கிறார்கள், அல்லது தள்ளிவைக்கிறார்கள். இதய நோய்க்காகச் சாப்பிடும் மாத்திரையை "அது வேற டாக்டர் கொடுத்தது" என்று சொல்லாமல் விட்டுவிடாதிருங்கள்.

வேறு தொல்லைகளும் உண்டு. மூக்கும் முகமும் அரிக்கும். குமட்டலும் வாந்தியும் வரலாம். சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். இவை யாவற்றுக்கும் மாற்று உண்டு. செவிலியரிடம் சொன்னால் போதும்.

அடிமையாகிவிடுவாரா? அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து, வலிக்கென்று தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்ட இவ்வகை மாத்திரைகளால் பெரும் உயிர்ச்சேதம் ஏற்பட்டதை மறுப்பதற்கில்லை. இந்தப் பயம் வீண்பயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் வாரக்கணக்காக வீட்டில் வைத்து விழுங்கும் மாத்திரை வேறு. ஆஸ்பத்திரியில், ஒரு நாளோ மூன்று நாளோ, அளந்து, கண்காணித்து, முதுகுவழி கொடுக்கும் மருந்து வேறு. பின்னதால் ஒருவர் அடிமையானதை இத்தனை ஆண்டுகளில் நாங்கள் கண்டதில்லை.

நம் நாட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்று அபினிச் செடி பயிராகிறது. அப்படியிருந்தும், 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பின்பு, உரிமம் வாங்குவதிலிருந்த சிக்கல்களால் பல மருத்துவமனைகளில் மார்பின் கிடைப்பதே அரிதாயிற்று. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் போன்ற இன்றியமையாத மருந்துகளைப் பெறும் முறை எளிதாக்கப்பட்டது. போதையைப் பற்றிய அச்சத்தால் வலியில் கிடந்தவர்கள் நம் நாட்டில் பலர்.

பொறுத்துக்கொண்டால் ஆகாதா? இதுவே எங்களுக்குரிய கேள்வி. சிலுவையண்டையில் கொடுக்கப்பட்ட வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை இயேசு ஏற்கவில்லை என்பதை நினைவுகூர்ந்து, தாங்களும் வலி மருந்தை மறுக்க நினைப்பவர்கள் உண்டு. அவர்களுடைய பக்தியை நாங்கள் அற்பமாக எண்ணவில்லை. ஆயினும் தமக்கு அதை வேண்டாமென்றவர், தம்மிடம் வந்த வேறு எவரையும் வலியைச் சுமந்துகொண்டு போ என்று அனுப்பியதில்லை. அவர் சொன்ன உவமையில் வரும் சமாரியனும், அடிபட்டுக் கிடந்தவனுக்குப் பொறுமையைப் போதிக்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான்.

இந்தக் கேள்வி புதியதுமன்று. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவ வலிக்கு மயக்க மருந்து கொடுத்தபோது, வேதத்தைக் காட்டி எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர் அந்த ஆண்டிலேயே ஒரு சிறு நூல் எழுதி அவர்களுக்கு விடையளித்தார். ஆதாமின் விலாவை எடுக்குமுன் தேவன் அவனுக்கு அயர்ந்த நித்திரையை வருவித்ததை அதில் சுட்டிக்காட்டினார். நெஞ்சு அறுவையைப் பற்றிய நம் பாடத்துக்கு விலா எலும்பின் அந்த உதாரணம் மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறோம்.

7. இன்றைய நிலை

சிறு துளைகள்வழி கேமராவைச் செலுத்திச் செய்யும் நெஞ்சு ஆபரேஷன்கள் இப்போது பெருகியிருக்கின்றன. காயம் சிறிது, வலியும் குறைவு. முதுகெலும்பின் பக்கவாட்டில் நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியும், 2016இல் அறிமுகமான முதுகுத் தசைக்கு அடியில் போடும் ஊசியும் பல இடங்களில் எபிடூரலுக்குப் பதிலாகப் பயன்படுகின்றன. பாரசிட்டமால் போன்ற எளிய மருந்துகளையும் உடன் கொடுத்து, மார்பினின் அளவைக் குறைக்கிறார்கள். எனினும் சீழ் கட்டி இறுகிய நுரையீரலை உரிப்பதுபோன்ற சிகிச்சைகளுக்கு நெஞ்சைத் திறக்கவேண்டிய தேவை இன்னும் இருக்கிறது. அப்போது அந்த ஒரு துளி மருந்து பேருதவி செய்கிறது.

அந்தத் துளியின் விலை பெரிதல்ல. கெடாமலிருக்கச் சேர்க்கும் இரசாயனம் கலவாத மார்பின் வேண்டும், அவ்வளவுதான். பெரிய செலவு அதன் பின்வரும் இரவுக்குத்தான். எண்ணத் தெரிந்த செவிலியர், ஒருவர் எத்தனை கட்டில்களைப் பார்க்கமுடியும் என்ற கணக்கு, அழைத்தால் வரும் மருத்துவர், எட்டும் தூரத்தில் நலாக்ஸோன், ஆக்சிஜன் ஆகிய யாவும் இருந்தால்தான் இந்த மருந்தைக் கொடுக்கலாம். காவலுக்கு ஆள் இல்லாத இடத்தில் இதைக் கொடாமலிருப்பதே நல்லது என்று எங்கள் மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்லுகிறார்கள்.

8. உங்கள் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு ஆபரேஷன் என்றால்

(அ) சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் சென்று மயக்க மருந்து நிபுணரிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரை, மதுப்பழக்கம், பலத்த குறட்டை ஆகியவற்றை மறைக்காதீர்கள். இவை உள்ளவர்களுக்கு மூச்சு குறையும் அபாயம் அதிகம்.

(ஆ) வலியை எப்படித் தணிக்கப்போகிறீர்கள், இரவில் யார் பார்ப்பார்கள் என்று முன்னதாகவே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

(இ) வலித்தால் சொல்லும்படி நோயாளியைப் பழக்குங்கள். "படுத்திருக்கையில் வலிக்கிறதா" என்பதோடு, "இருமும்போது வலிக்கிறதா" என்றும் கேளுங்கள்.

(ஈ) இரவில் துணைக்கு இருப்பவர், நோயாளி தட்டினாலும் சரியாக விழிக்காமலோ, மூச்சு வெகுவாகக் குறைந்தோ இருந்தால், "நல்லாத் தூங்குறார்" என்று விட்டுவிடாமல் உடனே செவிலியரை அழைக்கவேண்டும்.

(உ) வலிக்கு மருந்து கேட்கிறவரைக் கோழை என்றும், கேளாதவரைப் பெரிய விசுவாசி என்றும் பேசாதிருங்கள். நாங்கள் அவ்வாறு பேசியதை ஏர் பிடிக்கமுடியாமற்போன ஒரு மனிதரின் நினைவோடு இன்றும் சுமக்கிறோம்.

சங்கக் கூட்டங்களில் கலந்துபேச:

1. நம் குடும்பத்தில் வலியை வெளியே சொல்லாமல் மறைத்தவர் யார்? ஏன் மறைத்தார்? நாம் அவரிடம் எதைக் கேட்கத் தவறினோம்?

2. தமக்காக வலியைப் பொறுப்பதற்கும், பிறரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு என்ன?

3. நம் ஊரில் இரவெல்லாம் விழித்திருந்து நோயாளிகளைப் பார்க்கும் ஒரு செவிலியரை நமக்குத் தெரியுமா? விடியற்காலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் அவருக்கு நாம் என்ன செய்யலாம்?